நிமோனியாவா, எவ்வளவு தீவிரம்: மருத்துவர் எதை வைத்து முடிவு செய்கிறார்?

கேள்வியைச் சுருக்கமாக எடுத்துக்கொள்கிறேன். எழுபத்தொரு வயதான உங்கள் அப்பாவுக்கு நான்கு நாள்களாக லேசான இருமல். காய்ச்சல் 99 டிகிரியைத் தாண்டவில்லை. ஆனால் சாப்பாட்டை ஒதுக்கிவிட்டுப் படுத்தே கிடக்கிறார். பார்த்த மருத்துவர், எக்ஸ்ரே எடுப்பதற்கு முன்பே, கடிகாரத்தைப் பார்த்தபடி அவருடைய மூச்சை எண்ணி, நிமிடத்துக்கு 32 இருக்கிறது, நிமோனியாவாக இருக்கலாம், மருத்துவமனையில் சேர்த்துவிடுங்கள் என்றார். அதே வாரத்தில் இருபத்தெட்டு வயதான உங்கள் நண்பருக்கு 103 டிகிரி காய்ச்சல் இருந்து, எக்ஸ்ரேயில் நுரையீரலின் ஒரு மடலே வெள்ளையாகத் தெரிந்தும், மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இதில் எது சரி, நிமோனியாவை எதை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டு மருத்துவர்கள் செய்ததும் சரியாகவே இருக்கக்கூடும். நாம் ஒரே கேள்வி என்று நினைப்பது உண்மையில் இரண்டு கேள்விகள் என்பதால்தான் இந்தக் குழப்பம். இது நிமோனியாதானா என்பது ஒன்று. இந்த நிமோனியா இந்த நோயாளியை எந்த அளவுக்கு ஆபத்தில் தள்ளியிருக்கிறது என்பது மற்றொன்று. எக்ஸ்ரே முதல் கேள்விக்கு ஓரளவு நன்றாகப் பதில் சொல்லும். இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலும் வாய் திறக்காது. அதற்கான பதில் மூச்சின் வேகம், ரத்த அழுத்தம், நினைவுத் தெளிவு, வயது, ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் ஆகியவற்றில் இருக்கிறது. இவற்றில் மூச்சை எண்ணுவதற்கு ஒரு கடிகாரமும் ஒரு நிமிடப் பொறுமையும் போதும். அப்படியிருந்தும் நோயாளியின் குறிப்பேட்டில் மிகவும் அலட்சியமாக எழுதப்படும் எண் அதுதான் என்பதைப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன்.

நுரையீரலுக்குள் கிளைகிளையாகப் பிரியும் மூச்சுக்குழாய்களின் நுனியில் கோடிக்கணக்கான நுண்ணிய காற்றறைகள் இருக்கின்றன. கிருமி தொற்றியதும் அதை எதிர்க்க வரும் வெள்ளை அணுக்களும், ரத்தக் குழாய்களிலிருந்து கசியும் நீரும் சேர்ந்து அந்த அறைகளை நிரப்பிவிடுவதைத்தான் நிமோனியா என்கிறோம். மேலேயுள்ள மூச்சுக்குழாய்கள் மட்டும் அழன்றிருந்தால் அது பிராங்கைட்டிஸ். இருமல் இரண்டிலும் ஒன்றுபோலவே இருக்கும். காற்று இருக்க வேண்டிய இடத்தில் நீரும் சீழும் வந்து உட்கார்ந்துவிட்டன என்ற ஒரு மாற்றத்தை மனத்தில் வைத்துக்கொண்டால், மற்ற அடையாளங்கள் எல்லாம் அதிலிருந்தே விளங்கும். நிரம்பிய அறைகளைச் சுற்றி ஓடும் ரத்தம் ஆக்சிஜன் பெறாமலேயே திரும்புகிறது, அதனால் ஆக்சிஜன் அளவு குறைகிறது. நுரையீரல் நனைந்த பஞ்சுபோலக் கனத்து விறைத்துப்போகிறது, ஆழமாக இழுப்பது கடினமாகிறது; உடல் அதை ஈடுகட்ட மேலோட்டமாகவும் வேகமாகவும் மூச்சு விடத் தொடங்குகிறது. அழற்சி நுரையீரலின் ஓரத்தைத் தொட்டு, விலாவின் உட்புறத்தை ஒட்டியுள்ள உறைக்குப் பரவினால், இருமும்போதும் மூச்சை இழுக்கும்போதும் ஒரு பக்கத்தில் கத்தியால் குத்துவதுபோல வலிக்கிறது. நுரையீரலின் சதைக்கு வலி தெரியாது. அந்த உறைக்குத்தான் தெரியும். ஆகவே வலி இல்லை என்பதால் நிமோனியா இல்லை என்று ஆகிவிடாது.

திடீரென்று நடுங்க வைக்கும் குளிர், அதைத் தொடர்ந்து அதிகக் காய்ச்சல், ஒரு பக்க மார்பு வலி, துரு நிறத்தில் சளி என்று பாடநூலில் எழுதியிருக்கும் வரிசை உண்மையானதே; நிமோகாக்கஸ் என்ற பாக்டீரியா, உடல்நலத்தோடு இருந்த ஒருவரைத் தாக்கும்போது அநேகமாக அப்படித்தான் நடக்கும். உங்கள் நண்பரின் கதை அதற்கு நெருக்கமானது. ஆனால் இந்த வரிசைக்காகக் காத்திருந்தால் பாதிப்பேரைத் தவறவிடுவோம். மைக்கோபிளாஸ்மா என்ற கிருமியால் வரும் நிமோனியா, தலைவலியும் வறட்டு இருமலுமாக மெல்ல மெல்ல ஏறும். நோயாளி வேலைக்குப் போய்க்கொண்டே இருப்பார். நுரையீரலின் அடி மடலில் வந்தால் வலி வயிற்றில் தெரியலாம்; குடல்வால் அழற்சியோ என்று வயிற்றை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்த குழந்தைக்குக் கடைசியில் வலது அடி நுரையீரலில் நிமோனியா என்று தெரிய வருவது அபூர்வமல்ல. சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ இருந்தால் பாக்டீரியா, வெள்ளையாக இருந்தால் வைரஸ் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அந்த நிறம் வெள்ளை அணுக்களில் உள்ள ஒரு நொதியால் வருவது, சாதாரண ஜலதோஷத்திலும் வரும். நிறத்தை வைத்து ஆன்டிபயாட்டிக் கேட்பவர்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

வயதானவர்களின் நிலை தனி. ஒருமுறை ஒரு மூதாட்டியை அழைத்து வந்திருந்தார்கள். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை என்றே சொல்லலாம். நேற்றிலிருந்து ஆட்களை மாற்றிக் கூப்பிடுகிறார், குளியலறையில் ஒருமுறை விழுந்தார், சோற்றைத் தொடவில்லை என்றார் மகள். பக்கவாதமோ என்ற அச்சத்தோடு வந்திருந்தார்கள். பாட்டி என்னோடு பேசும்போது நாலு சொல்லுக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினார். வயிற்றின் மேல் கோத்து வைத்திருந்த அவருடைய கைகள் மூச்சோடு ஏறி இறங்குவதை, நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே எண்ணினேன். ஒரு நிமிடத்தில் 34. எக்ஸ்ரேயில் வலது அடி மடல் வெள்ளையாக இருந்தது. முதுமையில் நோய் எதிர்ப்பு மந்தமாவதால் காய்ச்சல் ஏறாமல் போகலாம், இருமும் வலுவும் குறைந்துவிடுகிறது. திடீர்க் குழப்பம், கீழே விழுதல், உணவை வெறுத்தல், படுக்கையோடு படுக்கையாகிவிடுதல் ஆகியவையே நோயின் முதல் அறிகுறிகளாக இருக்கலாம். உங்கள் அப்பாவின் 99 டிகிரியைப் பார்த்து அவருடைய மருத்துவர் சமாதானம் அடையாமல் இருந்தது அதனால்தான்.

மூச்சை எண்ணுவது நோயறியும் முறையாகவே மாறியதற்குக் காரணம் குழந்தைகள். 1980களில் பப்புவா நியூ கினியாவில் நடந்த ஆய்வுகள், ஸ்டெதஸ்கோப்பும் எக்ஸ்ரேயும் இல்லாத இடத்தில்கூட, இருமலோடு வரும் குழந்தைகளில் யாருக்கு நிமோனியா என்பதை மூச்சின் வேகத்தையும் மார்பு குழிவதையும் வைத்துப் பிரித்துவிடலாம் என்று காட்டின. உலக சுகாதார நிறுவனம் அதையே வழிகாட்டுதலாக்கியது. இருமலோ மூச்சுத் திணறலோ உள்ள குழந்தை நிமிடத்துக்கு இத்தனை முறைக்கு மேல் மூச்சு விட்டால் அது வேக மூச்சு என்று வயதுவாரியாக எல்லை வைத்திருக்கிறார்கள்: இரண்டு மாதத்துக்குள் 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது நிறையும்வரை 50, ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40. அந்த எண்ணைத் தொட்டாலே கணக்கு. 2019ஆம் ஆண்டில் மட்டும் ஐந்து வயதுக்குட்பட்ட 7,40,180 குழந்தைகள் நிமோனியாவால் இறந்ததாக அதே நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அந்த வயதில் நேர்ந்த மரணங்களில் அது 14 சதவீதம். இந்த எளிய எண்ணிக்கையை யாரும் சாதாரணமாக நினைக்க வேண்டியதில்லை.

எண்ணும் விதத்தில்தான் தவறு நடக்கிறது. குழந்தை அம்மாவின் மடியில் அமைதியாக இருக்க வேண்டும். அழும்போதும், பால் குடிக்கும்போதும், காய்ச்சல் உச்சத்தில் கொதிக்கும்போதும் எண்ணினால் எண் பொய் சொல்லும். சட்டையைத் தூக்கிவிட்டு வயிறும் மார்பும் சேரும் இடத்தைப் பார்க்க வேண்டும். ஓர் ஏற்றமும் ஓர் இறக்கமும் சேர்ந்தது ஒரு மூச்சு. பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது கூடாது. குழந்தையின் மூச்சு சீராக ஓடாது, முழு நிமிடமும் எண்ண வேண்டும். கைக்குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல் வந்தால் இன்னொரு முறை எண்ணி உறுதி செய்ய வேண்டும். எண்ணும்போதே விலாவின் கீழ்ப்பகுதியையும் கவனியுங்கள்: மூச்சை இழுக்கும்போது மார்பு விரிய வேண்டும்; அதற்கு மாறாக அடி விலா உள்ளே குழிந்தால் நுரையீரல் விறைத்துப்போயிருக்கிறது என்று பொருள். பால் குடிக்க முடியாமை, குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்தல், வலிப்பு, தட்டி எழுப்பினாலும் விழிக்காத மயக்கம், அமைதியாக இருக்கும்போதும் மூச்சை இழுக்கையில் கேட்கும் கரகரப்பு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அது தீவிர நோய்; இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு வேக மூச்சு ஒன்றே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடப் போதுமான காரணம்.

பெரியவர்களுக்கு ஓய்வில் 12 முதல் 20 வரை இயல்பு. 24ஐத் தாண்டினால் கவனம், 30ஐத் தொட்டால் அபாயம். நோயாளியிடம் மூச்சை எண்ணப்போகிறேன் என்று சொன்னால் அவர் மூச்சை மாற்றிவிடுவார், அதனால்தான் நாடியைப் பிடித்துக்கொண்டு எண்ணும் பழக்கம். குறிப்பேட்டின் பக்கங்களைப் புரட்டினால் எல்லாருக்கும் 18 அல்லது 20 என்றே எழுதியிருக்கும். ஒரு வார்டு முழுவதும் ஒரே தாளத்தில் மூச்சு விடுவதாக நம்ப வேண்டியிருக்கும்.

விரல் நுனியில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் இதற்கு நல்ல துணை. இதன் அடிப்படையை 1970களின் தொடக்கத்தில் ஜப்பானியப் பொறியாளர் டக்குவோ அவோயாகி கண்டறிந்தார். இன்று அது வீட்டுப் பொருளாகிவிட்டது. 95க்கு மேல் இயல்பு. 92க்குக் கீழே போனால் நுரையீரல் தன் வேலையைச் செய்ய முடியாமல் திணறுகிறது. 90க்குக் கீழே ஆக்சிஜன் கொடுத்தே ஆக வேண்டும். நீண்ட நாள் நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கும் மலையுச்சியில் வசிப்பவர்களுக்கும் இந்த எல்லைகள் அப்படியே பொருந்தாது. விரல் சில்லிட்டிருந்தாலும் நகச்சாயம் இருந்தாலும் எண் தவறும். கருத்த தோலில் இந்தக் கருவி உண்மையைவிடச் சற்று அதிகமாகக் காட்டக்கூடும் என்பது இப்போது நன்கு நிறுவப்பட்டிருக்கிறது. ஆகவே எண் 94 என்று ஆறுதல் சொல்லும்போது ஆள் வாக்கியத்தை முடிக்க முடியாமல் திணறினால், கருவியை விட்டுவிட்டு ஆளை நம்புங்கள்.

மார்பைத் தட்டிப் பார்ப்பதும் கேட்டுப் பார்ப்பதும் பழைய கலைகள். காற்று நிறைந்த நுரையீரலின் மேல் விரலை வைத்துத் தட்டினால் பறைபோல ஒலிக்கும். நிரம்பி இறுகிய பகுதியில் அந்த ஒலி மங்கும். உறைக்குள் நீர் கோத்திருந்தால் கல்லைத் தட்டுவதுபோலச் செத்துப்போன ஒலி வரும். 1761இல் இந்த முறையை எழுதி வெளியிட்டவர் ஔவன்புரூகர் என்ற ஆஸ்திரிய மருத்துவர். ஸ்டெதஸ்கோப்பில், இறுகிய பகுதியின் மேல், சருகை மிதிப்பதுபோன்ற நொறுநொறுப்பும், தொண்டைக்குழியில் வைத்துக் கேட்பதுபோன்ற கரடுமுரடான மூச்சொலியும் கேட்கும். இறுகிய திசு ஒலியை நன்றாகக் கடத்துவதால் நோயாளி பேசுவது காதருகே பேசுவதுபோல இருக்கும். நீர் கோத்திருந்தால் இவையெல்லாம் அடங்கி அமைதியாகிவிடும். முதுகின் அடிப்பகுதியையும் அக்குளையும் கேட்காமல், சட்டையின் மேலாக முன்மார்பில் இரண்டு இடத்தில் வைத்து எடுத்துவிட்டால் ஒன்றும் தெரியாது. முறையாகச் செய்தாலும் இந்த அடையாளங்களில் எந்த ஒன்றும் தனியாக நிமோனியாவை உறுதி செய்யவோ மறுக்கவோ போதாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மூச்சு, நாடி, காய்ச்சல் மூன்றும் இயல்பாக இருந்து, மார்பிலும் புதிய ஒலி எதுவும் இல்லை என்றால், நடுவயதுக்காரரிடம் நிமோனியா இருப்பதற்கான வாய்ப்பு மிகவும் குறைவு. அந்த அளவுக்கு மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

பெரியவர்களிடம் எக்ஸ்ரே தேவைப்படுவது இதனால்தான். புதிதாக ஒரு வெள்ளைத் திட்டு தெரிந்து, அறிகுறிகளும் அதோடு ஒத்துப்போனால் நிமோனியா என்று எழுதுகிறோம். படத்தை வாசிப்பதில் சில நுட்பங்கள் உண்டு. இதயத்தின் வலது ஓரம் மங்கியிருந்தால் நோய் வலது நடு மடலில். அந்த ஓரம் தெளிவாக இருந்து உதரவிதானத்தின் கோடு அழிந்திருந்தால் அடி மடலில். அருகருகே உள்ள காற்றும் சதையும்தான் படத்தில் கோடு கிழிக்கின்றன. காற்று போய்விட்டால் கோடும் போய்விடும். பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில், நொறுநொறுப்பு தெளிவாகக் கேட்ட ஒருவருடைய படத்தைப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று நான் எழுதிவிட்டேன். மறுநாள் மூத்த மருத்துவர் அதை விளக்குப் பெட்டியில் மாட்டி, இதயத்தின் நிழலுக்குள்ளேயே விரலை வைத்து, இந்த நிழலுக்குப் பின்னாலும் நுரையீரல் இருக்கிறதல்லவா என்று கேட்டார். இதயத்தின் வெண்மைக்குள் இன்னும் அழுத்தமான ஒரு முக்கோண வெண்மை இருந்தது; இடது அடி மடல். அன்றிலிருந்து எந்தப் படத்திலும் அந்த இடத்தைத்தான் முதலில் பார்க்கிறேன்.

எக்ஸ்ரே தவறும் விதங்கள் வேறும் உண்டு. நோயின் முதல் நாளில் படம் சுத்தமாக இருக்கலாம். மருத்துவச் சந்தேகம் வலுவாக இருந்தால் சிகிச்சையைத் தொடங்கிவிட்டு ஓரிரு நாளில் மீண்டும் எடுப்பதே முறை. படுக்கையிலேயே எடுத்த படம் மங்கலாக இருக்கும். எச்.ஐ.வி. போன்றவற்றால் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்கு வரும் நியுமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சை நிமோனியாவில் படம் ஏறக்குறைய இயல்பாகத் தெரிந்து, நாலடி நடந்ததும் ஆக்சிஜன் சரிந்துவிடும். சி.டி. ஸ்கேன் இவற்றையெல்லாம் கூடுதலாகக் காட்டும், ஆனால் எல்லாருக்கும் எடுக்க வேண்டிய அவசியம் இல்லை. சந்தேகம் தீராதபோதும், நோய் குணமாகாதபோதும் அது உதவும். பழகிய கைகளில் அல்ட்ராசவுண்ட் வியக்கத்தக்க அளவுக்குத் துல்லியமானது, உறைக்குள் நீர் இருப்பதை எக்ஸ்ரேயைவிட நன்றாகக் காட்டும், கதிர்வீச்சும் இல்லை. வீட்டிலேயே சமாளிக்கக்கூடிய அளவுக்கு நோய் உள்ள குழந்தைக்கு வழக்கமாக எக்ஸ்ரே தேவையில்லை. எடுக்கவில்லையே என்று குறைப்பட வேண்டாம்.

ரத்தப் பரிசோதனைகள் துணைச் சாட்சிகள். வெள்ளை அணுக்கள் கூடியிருப்பது எதிர்பார்ப்பதே; 4,000க்குக் கீழே இறங்கியிருந்தால்தான் கலக்கம், உடல் தோற்றுக்கொண்டிருக்கிறது என்று அதற்கு அர்த்தம். சி.ஆர்.பி. என்ற அழற்சிப் புரதத்தை, மருத்துவருக்கே நிமோனியாவா இல்லையா என்று தெளிவில்லாத இடத்தில் பயன்படுத்தலாம். லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழ் என்றால் ஆன்டிபயாட்டிக் வேண்டாம், 100க்கு மேல் என்றால் கொடுக்கலாம், இடையில் என்றால் காத்திருந்து பார்க்கலாம் என்று சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2014இல் வழிகாட்டியது. ரத்தத்தில் அளக்கும் இன்னொரு பொருளான புரோகால்சிடோனினின் அளவு பாக்டீரியா தொற்றில் அதிகமாக ஏறும். ஆனால் எக்ஸ்ரேயில் நிமோனியா உறுதியானவருக்கு இந்த எண் குறைவாக இருக்கிறது என்பதற்காக ஆன்டிபயாட்டிக்கை நிறுத்தி வைக்கக் கூடாது என்று 2019ஆம் ஆண்டின் அமெரிக்க வழிகாட்டுதல் சொல்கிறது. எனக்கும் அதுவே உடன்பாடு.

எந்தக் கிருமி என்று கண்டுபிடிக்கும் முயற்சி பாதிக்கு மேல் வெறுங்கையோடு திரும்பும். சளிப் பரிசோதனை என்று சொல்லி நோயாளி டப்பாவில் துப்புவது பெரும்பாலும் எச்சில். ஆய்வகத்தில் குறைந்த உருப்பெருக்கத்தில் பார்க்கும்போது ஒரு பார்வைப் புலத்தில் வாயின் செதில் செல்கள் 10க்குக் குறைவாகவும் சீழணுக்கள் 25க்கு அதிகமாகவும் இருந்தால்தான் அது நுரையீரலிலிருந்து வந்த சளி. இல்லாவிட்டால் திருப்பி அனுப்ப வேண்டும். வாயை நீரால் கொப்பளித்துவிட்டு, காலையில், அடிவயிற்றிலிருந்து இருமிக் கொடுக்கச் சொல்வது அதற்காகத்தான். கிருமிகளுக்கு நிறமேற்றி நுண்ணோக்கியில் பார்க்கும், கிராம் சாயம் என்று நாங்கள் தினமும் உச்சரிக்கும் முறையை 1884இல் பெர்லினில் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் உருவாக்கியதே நிமோனியாவால் இறந்தவர்களின் நுரையீரல் திசுவில் கிருமிகளைத் தேடும்போதுதான். நோய் தீவிரமாக இருந்தால் முதல் ஊசி போடுவதற்கு முன் ரத்தத்தைக் கல்சருக்கு, அதாவது அதில் கிருமி வளர்கிறதா என்று பார்க்க, எடுக்க வேண்டும். ஆனால் அதற்காக ஊசியைத் தாமதப்படுத்தக் கூடாது. 1976இல் ஃபிலடெல்ஃபியாவில் முன்னாள் படைவீரர்களின் மாநாட்டுக்கு வந்தவர்களைத் தாக்கியதைத் தொடர்ந்து அடையாளம் காணப்பட்ட லெஜியனெல்லா கிருமியைச் சிறுநீரிலேயே கண்டறியலாம். இன்ஃப்ளூயன்ஸா, கோவிட் ஆகியவற்றுக்கு மூக்கில் எடுக்கும் மாதிரி, சிகிச்சையையே மாற்றக்கூடியது என்பதால் பயனுள்ளது.

எல்லா வெள்ளைத் திட்டும் நிமோனியா அல்ல. படுத்தால் திணறி உட்கார்ந்தால் தணிந்து, கால் வீங்கி, இரு பக்கமும் நொறுநொறுப்பு கேட்டால் இதயம் பலவீனமாகி நீர் கோத்திருக்கலாம். ஒரு காலில் வீக்கமும் திடீர் மூச்சுத் திணறலும் சேர்ந்து வந்தால் நுரையீரல் ரத்தக் குழாயில் உறைகட்டி அடைத்திருக்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைவு, மேல் மடலில் குழி என்றால் காசநோயைத் தேட வேண்டும். லெவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகள் காசநோயையும் சில நாள்கள் தணித்துவைப்பதால், காசநோய்ச் சந்தேகம் இருக்கும்போது அவற்றைச் சாதாரண நிமோனியா என்று எழுதிக் கொடுப்பது நோயறிதலையே தள்ளிப்போடும். நான் பார்த்தவற்றுள் மிகவும் வருத்தம் தந்த தாமதங்கள் இந்த வகையைச் சேர்ந்தவை.

இப்போது இரண்டாவது கேள்வி. பிரிட்டன், நியூசிலாந்து, நெதர்லாந்து நாடுகளின் 1,068 நோயாளிகளை வைத்து 2003இல் வெளியான கர்ப்-65 என்ற கணக்கு ஐந்து விஷயங்களைக் கேட்கிறது: புதிதாக வந்த மனக்குழப்பம், ரத்த யூரியா லிட்டருக்கு 7 மில்லிமோலுக்கு மேல், அதாவது டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 42 மில்லிகிராமுக்கு மேல், மூச்சு நிமிடத்துக்கு 30 அல்லது மேல், ரத்த அழுத்தத்தின் மேல் எண் 90க்குக் கீழ் அல்லது கீழ் எண் 60 அல்லது அதற்குக் கீழ், வயது 65 அல்லது மேல். ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். அந்த ஆய்வில் மதிப்பெண் 0 அல்லது 1 பெற்றவர்களில் முப்பது நாள்களுக்குள் இறந்தவர்கள் 1.5 சதவீதம், 2 பெற்றவர்களில் 9 சதவீதம், 3 அல்லது அதற்கு மேல் பெற்றவர்களில் 22 சதவீதம். ரத்தப் பரிசோதனை வசதி இல்லாத இடத்தில் யூரியாவை விட்டுவிட்டு மற்ற நான்கை வைத்தே கணக்கிடலாம். இந்தக் கணக்கில் காய்ச்சல் இல்லை, சளியின் நிறம் இல்லை, எக்ஸ்ரேயில் திட்டின் அளவும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

உங்கள் அப்பாவுக்கு வயதுக்கு ஒன்று, மூச்சுக்கு ஒன்று. எக்ஸ்ரே எடுப்பதற்கு முன்பே இரண்டு. சாப்பிடாமல் கிடந்ததில் யூரியா ஏறியிருந்தால் மூன்று. உங்கள் நண்பருக்கு 103 டிகிரி இருந்தும், மூச்சும் ரத்த அழுத்தமும் தெளிவும் இயல்பாக இருந்தால், மதிப்பெண் பூஜ்யம்.

ஆனால் கணக்கை மட்டும் நம்பி வீட்டுக்கு அனுப்பக் கூடாது. கர்ப்-65இல் ஆக்சிஜன் அளவுக்கு இடமே இல்லை. முப்பது வயதுக்காரர் 86 சதவீத ஆக்சிஜனோடு பூஜ்யம் வாங்கிவிடுவார். 1997இல் அமெரிக்காவில் உருவான இன்னொரு கணக்கு இருபது விவரங்களைச் சேர்த்து ஐந்து வகுப்பாகப் பிரிக்கிறது, குறைந்த ஆபத்து உள்ளவர்களை அடையாளம் காண்பதில் அது சற்று மேல். அதிலும் வயதுக்கே அதிக எடை என்பதால் இளைஞரின் தீவிர நோய் கண்ணில் படாமல் போகலாம். மாத்திரையை விழுங்க முடியாமை, வீட்டில் கவனிக்க ஆள் இல்லாமை ஆகியவை இந்த இரண்டு கணக்குகளிலும் வராது. இவற்றை மருத்துவரின் தீர்ப்புதான் சேர்க்க வேண்டும். ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்க மருந்தோ, சுவாசிக்க வென்டிலேட்டரோ தேவைப்பட்டால் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போவதில் விவாதமே இல்லை.

மதிப்பீடு முதல் நாளோடு முடிவதில்லை. வீட்டில் மாத்திரையோடு இருப்பவரை 48 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும். அதற்குள் காய்ச்சல் 100 டிகிரிக்குக் கீழும், நாடி 100க்குக் கீழும், மூச்சு 24க்குக் கீழும் இறங்கி, தெளிவாகப் பேசிச் சாப்பிடத் தொடங்கிவிட்டால் மருந்து வேலை செய்கிறது. இறங்காவிட்டால் மருந்தை மாற்றுவதற்கு முன், உறைக்குள் சீழ் கட்டியிருக்கிறதா, கிருமி வேறா, நோயே வேறா என்று யோசிக்க வேண்டும். உங்கள் நண்பர் இந்த மறுபரிசோதனைக்குப் போனாரா என்று கேளுங்கள். உதடு நீலம் பாரித்தாலோ, பேசத் திணறினாலோ, குழப்பம் வந்தாலோ அதற்காகக் காத்திருக்கக் கூடாது.

தேறி வருபவரின் எக்ஸ்ரே அவருக்குப் பின்னால்தான் நடந்து வரும். காய்ச்சல் ஒரு வாரத்தில் போகும். சளியும் மார்பு வலியும் நாலு வாரத்தில், இருமலும் மூச்சிரைப்பும் ஆறு வாரத்தில் வெகுவாகக் குறையும். களைப்பு மூன்று மாதம் கழித்தும் இருக்கலாம். ஆகவே பத்தாம் நாளில் மறுபடி படம் எடுத்து, திட்டு அப்படியே இருக்கிறதே என்று கலங்குவதில் பயனில்லை. எல்லாருக்கும் மறு எக்ஸ்ரே தேவையும் இல்லை. ஆனால் உங்கள் அப்பா புகை பிடித்தவராக இருந்தாலோ, ஆறு வாரம் கழித்தும் இருமலோ எடைக்குறைவோ தொடர்ந்தாலோ, அப்போது ஒரு படம் எடுக்கச் சொல்லி நீங்களே கேளுங்கள். மூச்சுக்குழாயை அடைத்துக்கொண்டிருக்கும் கட்டி அதன் பின்னால் நிமோனியாவை உண்டாக்கியிருந்தால், அந்தத் திட்டு எத்தனை ஆன்டிபயாட்டிக்குக்கும் முழுவதுமாகக் கரையாமல் அதே இடத்தில் நிற்கும்.